லேப் கதவைத் திறக்கும் முன்: பல்கலைக்கழகப் பாதுகாப்புப் பயிற்சியில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2008 டிசம்பர் 29. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகம். ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆராய்ச்சி உதவியாளர், டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தை பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் பொருள் அது. சிரிஞ்சின் தண்டு குழலைவிட்டுக் கழன்று வந்துவிட்டது. திரவம் கொட்டியது, தீ கையிலும் உடலிலும் பற்றியது. அவர் லேப் கோட் அணிந்திருக்கவில்லை. போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் தீயை இன்னும் வளர்த்தது. அவசரக் குளியல் குழாய் சில அடி தூரத்தில் இருந்தும் அந்த நொடியில் அது பயன்படவில்லை. 18 நாள் உயிருக்குப் போராடி, 2009 ஜனவரி 16 அன்று அவர் இறந்தார்.

அவர் அங்கே மாணவியல்ல, சம்பளத்துக்குச் சேர்ந்த ஊழியர். சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்தப் பொருளைக் கையாள அவருக்கு முறையான பயிற்சி கொடுத்ததற்கான பதிவு எதையும் காட்ட முடியவில்லை. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு அதே ஆய்வகத்தைச் சோதித்தவர்கள், ஆட்கள் லேப் கோட் போடுவதில்லை என்று எழுதிவைத்திருந்தார்கள். குறை தெரிந்தும் அது சரிசெய்யப்படாமலே இருந்தது.

நம் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பாதுகாப்புப் பயிற்சி என்றால் பெரும்பாலும் முதல் வாரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, கடைசியில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து யாரையும் காப்பாற்றாது. லேப் கதவைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும், அவரவருக்குப் புரியும் மொழியில், கையால் செய்து பழகும்படி, வேலை தொடங்கும் முன்பே கொடுப்பதுதான் பயிற்சி. "ஒவ்வொருவருக்கும்" என்றால் பேராசிரியர், ஆராய்ச்சி மாணவர், இளங்கலை மாணவர், லேப் அசிஸ்டென்ட், பீக்கர் கழுவும் அட்டெண்டர், தரை துடைக்கும் அக்கா, இரவுக் காவலர், கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் என்று எல்லோரும்தான். கீழே உள்ள பட்டியல்கள் இவர்கள் அனைவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

1. பயிற்சி வகுப்பில்

செய்ய வேண்டியவை

- பயிற்சி முடியும் வரை லேப் வேலையைத் தொடங்காதீர்கள். "இந்த ஒரு ரியாக்‌ஷனை மட்டும் ஓட்டிவிட்டு அடுத்த வாரம் பயிற்சிக்குப் போ" என்று கைடே சொன்னாலும், பணிவாக மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.
- தீயணைப்பானைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் கழுவும் குழாயைத் திறந்து பாருங்கள். மெயின் சுவிட்ச், கேஸ் வால்வு, இரண்டு வெளியேறும் வழிகள் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டிக்காட்டும் அளவுக்கு நடந்து பழகுங்கள்.
- உங்கள் வேலைக்கென்று தனிப் பயிற்சி கேளுங்கள். பொதுப் பயிற்சி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் லேசர், கதிரியக்கப் பொருள், ஆட்டோகிளேவ், விலங்குக் கூடம், லேத் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆபத்து, தனித்தனிப் பழக்கம் வேண்டும்.
- புது வேதிப்பொருளைத் தொடும் முன் அதன் பாதுகாப்புத் தகவல் தாளை வாசியுங்கள். உலகெங்கும் ஒரே ஒழுங்கில் 16 பகுதிகள் கொண்ட தாள் அது. அவசரத்துக்கு நான்கு பகுதிகள் போதும்: 4ஆம் பகுதி முதலுதவி, 5ஆம் பகுதி தீயணைப்பு, 7ஆம் பகுதி கையாளலும் சேமிப்பும், 8ஆம் பகுதி உடற்காப்பு.

செய்யக்கூடாதவை

- வராத நண்பருக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். அவருக்கு நீங்கள் செய்வது உதவியல்ல.
- ஆன்லைன் தேர்வின் விடைகளை வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள்.
- பல வருட அனுபவம் இருக்கிறது என்று பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். 1996இல் ஒரு பாதரசச் சேர்மத்தால் பாதிக்கப்பட்ட அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்களையே ஆராய்ச்சித் துறையாகக் கொண்டவர்.

2. உடை, கண், கை

வெட்டர்ஹானுக்கு நடந்ததைக் கையுறை போடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1996 ஆகஸ்டில், டைமெத்தில் மெர்க்குரியின் சில சொட்டுகள் அவருடைய கையுறை மேல் விழுந்தன. ஃபியூம் ஹுட்டுக்குள்தான் வேலை செய்தார். லேட்டக்ஸ் கையுறையும் போட்டிருந்தார். அன்றைய விதிகளின்படி அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பொருள் லேட்டக்ஸை நொடிக்கணக்கில் ஊடுருவிவிடும் என்பது பிற்பாடு சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லை. அதன்பிறகு நடை தடுமாறியது, பேச்சு குழறியது, பார்வையும் கேட்கும் திறனும் மங்கின. 1997 ஜூனில் இறந்தார்.

செய்ய வேண்டியவை

- எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று தாளின் 8ஆம் பகுதியைப் பார்த்து எடுங்கள். நைட்ரைல் கையுறை பல வேலைகளுக்குப் போதும், எல்லாவற்றுக்கும் போதாது. சொட்டு விழுந்தால் உடனே கழற்றிக் கையைக் கழுவிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.
- பருத்தி லேப் கோட், முழுக்கால் உடை, விரல் மூடிய ஷூ. பாலியெஸ்டர் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.
- பாதுகாப்புக் கண்ணாடியை உள்ளே நுழையும்போதே போடுங்கள். உங்கள் மேசையில் ஆபத்து இல்லாவிட்டாலும் பக்கத்து மேசையில் இருக்கலாம். பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. அதன் மேலேயே அணியும் கண்ணாடிகள் கிடைக்கின்றன.
- தலைமுடியைப் பின்னிக் கொண்டையாகக் கட்டுங்கள். துப்பட்டா, முந்தானை இரண்டையும் கோட்டுக்குள் அடக்குங்கள்.

செய்யக்கூடாதவை

- கையுறையோடு கதவுப் பிடி, லிஃப்ட் பொத்தான், செல்போன் எதையும் தொடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அதே கதவைத் திறப்பவர் வெறுங்கையோடு திறப்பார்.
- லேப் கோட்டோடு கேன்டீனுக்குப் போகாதீர்கள். வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.
- செருப்போடு லேபுக்குள் நுழையாதீர்கள். வெயில் காலத்தில் இது கஷ்டம்தான், ஆனாலும் இதில் விதிவிலக்குத் தரக்கூடாது.

3. வேதிப்பொருள்களோடு

செய்ய வேண்டியவை

- அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள். அடர் கந்தக அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும்.
- ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பான்களின் புட்டியில் திறந்த தேதியை எழுதுங்கள். காற்றோடு சேர்ந்து இவற்றில் பெராக்சைடு உருவாகும். அது உராய்வில்கூட வெடிக்கலாம். மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.
- ஃபியூம் ஹுட்டில் விளிம்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். கண்ணாடிக் கதவை முடிந்தவரை இறக்கி வையுங்கள்.
- ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும் லேபில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நீர்த்த நிலையில் இந்த அமிலம் உடனே வலிக்காது. வலி தொடங்குவதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும்.
- கழுவப் போடும் கண்ணாடிச் சாமான்களை முதல் முறை நீங்களே அலசிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று அட்டெண்டரிடம் சொல்லுங்கள். சிங்க்கில் குவிந்த பீக்கர்களுக்கு இடையே கைவிடும் அவருக்கு, எதில் குரோமிக் அமிலம் இருந்தது, எதில் வெறும் உப்புக்கரைசல் இருந்தது என்று எப்படித் தெரியும்?

செய்யக்கூடாதவை

- பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள். ரப்பர் பல்ப் இல்லையென்றால், அது வரும் வரை அந்தச் சோதனையே வேண்டாம்.
- குடிநீர் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் வேதிப்பொருளை ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் ஒருவர் லேபிளைத் தேடமாட்டார்.
- கழிவுப் புட்டியில் கண்டதையும் கலக்காதீர்கள். நைட்ரிக் அமிலமும் அசிட்டோன், ஆல்கஹால் போன்ற கரிமக் கரைப்பான்களும் சேர்ந்தால் வாயு பெருகிப் புட்டி வெடிக்கும்.
- சோடியம் துண்டை சிங்க்கிலோ குப்பையிலோ போடாதீர்கள். அதில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த மணலைக் கொட்டுங்கள்.
- மருந்துகள் வைக்கும் ஃப்ரிட்ஜில் டிபன் பாக்ஸ் வைக்காதீர்கள்.

4. சிலிண்டரும் திரவ நைட்ரஜனும்

2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். ஹைட்ரஜன் சிலிண்டரே காரணம் என்று சொல்லப்பட்டது. 2016 மார்ச்சில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தொட்டி வெடித்ததில் ஓர் இளம் விஞ்ஞானி ஒரு கையை இழந்தார். அங்கே பெரிய விபத்துக்கு முன்பே சிறிய அளவில் எச்சரிக்கை கிடைத்திருந்தது, வேலை நிற்கவில்லை.

செய்ய வேண்டியவை

- நின்றிருக்கும் சிலிண்டர் ஒவ்வொன்றையும் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். வால்வு முறிந்தால் சிலிண்டர் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் வேகத்தில் பாயும்.
- நகர்த்தும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் பூட்டி, தள்ளுவண்டியில் கொண்டுபோங்கள்.
- திரவ நைட்ரஜனைக் காற்றோட்டமுள்ள அறையில் மட்டும் கையாளுங்கள். அதன் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. 1 லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகி, ஆக்சிஜனை இடம்பெயரச் செய்யும். அதற்கு நிறமும் மணமும் இல்லாததால் மயங்கும் வரை தெரியாது.

செய்யக்கூடாதவை

- ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். அழுத்தமேறிய ஆக்சிஜனில் எண்ணெய் தானே தீப்பிடிக்கும்.
- திரவ நைட்ரஜன் கலனோடு லிஃப்டில் ஏறாதீர்கள். கலனை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் படியில் போங்கள். வழியில் வேறு யாரும் ஏறாமல் ஒவ்வொரு தளத்திலும் ஆள் நிற்கட்டும்.
- கலனின் வாயை இறுக்கி அடைக்காதீர்கள்.

5. ஒர்க்‌ஷாப்பும் மின்சாரமும்

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவரின் கூந்தல் சுழலும் எந்திரத்தில் சிக்கியது. அவர் இறந்தார். எந்திரத்தை நிறுத்தப் பக்கத்தில் ஆளில்லை.

செய்ய வேண்டியவை

- எந்திரம் ஓடும்போது இரண்டாவது ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
- வேலைக்கு முன் மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
- மின்சாதனத்தைப் பழுதுபார்க்கும் முன் மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையைத் தொங்கவிடுங்கள்.
- யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மின்சாரத்தை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிப் பிரியுங்கள். உயரழுத்தக் கம்பி என்றால் அருகில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

- சுழலும் லேத், டிரில் முன் கையுறை போடாதீர்கள். மற்ற லேப்களில் காக்கும் கையுறை இங்கே கையையே உள்ளே இழுத்துவிடும்.
- ஒரே பிளக் பாயின்ட்டில் ஓவன், ஹாட் பிளேட், ஏசி என்று மாட்டாதீர்கள். ஹாஸ்டல் அறையில் வாளிக்குள் போடும் ஹீட்டரை ஆன் செய்துவிட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.
- ஷாக் அடித்துக்கொண்டிருப்பவரை வெறுங்கையால் இழுக்காதீர்கள்.

6. ஊசி, ரத்தம், கிருமி

செய்ய வேண்டியவை

- பயன்படுத்திய ஊசியை அப்படியே துளைபடாத வெள்ளைக் கலனில் போடுங்கள். 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகள் கூர்பொருள்களுக்கு வகுத்த நிறம் அது.
- ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். 72 மணி நேரம் தாண்டக்கூடாது.
- ரத்தத்தோடும் கழிவோடும் வேலை செய்பவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குப்பை அள்ளும் ஊழியரும் இதில் சேர்த்திதான்.

செய்யக்கூடாதவை

- ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.
- குத்திய இடத்தைப் பிசைந்து ரத்தம் வரவைக்காதீர்கள். வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள்.
- லாமினார் ஃப்ளோவில் நோய்க்கிருமி கையாளாதீர்கள். அது உங்கள் சாம்பிளைக் காக்கும். காற்றை உங்கள் முகத்தை நோக்கி வீசும். நோய்க்கிருமிக்கு உயிரிப் பாதுகாப்பு கேபினெட் வேண்டும்.

7. விபத்து நடந்தபின்

பயிற்சியின் பயன் தெரிவது இந்தச் சில நிமிடங்களில்தான். இந்தப் பகுதியை வாசித்தால் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

- உடலில் தீப்பிடித்தவரை ஓடவிடாமல் படுக்கவைத்து உருட்டுங்கள். அவசரக் குளியல் குழாய் அருகில் இருந்தால் அதனடியில் தள்ளுங்கள்.
- தீயணைப்பானின் ஊக்கை உருவி, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீசுங்கள். வெளியேறும் வழி எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.
- கண்ணில் எது தெறித்தாலும் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வலியில் அவரால் கண் திறக்க முடியாது. அவர் தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், நேரம் பார்க்க ஒருவர் வேண்டும். ஐந்து நிமிடத்தில் "சரியாகிவிட்டது" என்பார், விடாதீர்கள்.
- தீக்காயத்தை 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்.
- உணர்வும் இயல்பான மூச்சும் இல்லையென்றால், 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள்.
- ஆம்புலன்ஸில் வேதிப்பொருளின் தகவல் தாளையும் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது "என்ன பட்டது?" என்றுதான்.

செய்யக்கூடாதவை

- தீக்காயத்தில் பற்பசை, மஞ்சள், இங்க், வெண்ணெய், ஐஸ் எதையும் வைக்காதீர்கள்.
- உடலில் அமிலம் பட்டால் அதன் மேல் காரத்தை ஊற்றாதீர்கள். நடுநிலையாகும்போது எழும் வெப்பம் இன்னொரு காயம். தண்ணீர் மட்டும் போதும்.
- அமிலத்தை விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும்.
- தீ எச்சரிக்கை மணி அடிக்கும்போது லிஃப்டில் ஏறாதீர்கள். பையையும் லேப்டாப்பையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.
- சிறு விபத்தை மறைக்காதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில் மறைக்கப்பட்ட சிறு தீ, அடுத்த குழுவுக்குப் பெருந்தீயாக வரும்.

8. துறைத்தலைவர்களும் நிர்வாகமும்

ஆபத்து பல்கலைக்கழக மதிலோடு நின்றுவிடாது என்பதற்குச் சாட்சி டெல்லி. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த, கோபால்ட்-60 அடங்கிய கதிர்வீச்சுக் கருவி 2010இல் பழைய இரும்பாக ஏலம் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். கதிர்வீச்சால் ஒரு தொழிலாளி இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அந்த உலோகத்தின் பெயரைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

செய்ய வேண்டியவை

- பயிற்சியைத் தமிழில் நடத்துங்கள். அட்டெண்டரும் துப்புரவுப் பணியாளரும் வரும் நேரத்தில், சம்பள நேரத்துக்குள் நடத்துங்கள். கான்ட்ராக்ட் ஊழியர் மாறும்போதெல்லாம் புதியவருக்கு மீண்டும் நடத்துங்கள்.
- ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் வையுங்கள்.
- ஆய்வுத் திட்டப் பட்ஜெட்டிலேயே கையுறை, கண்ணாடி, லேப் கோட், கழிவு அகற்றலுக்கு ஒதுக்குங்கள். லேப் கோட்டை மாணவரே வாங்க வேண்டும் என்றால் மலிவான பாலியெஸ்டர்தான் வாங்குவார்.
- மயிரிழையில் தப்பிய சம்பவங்களுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். எழுதியவரைத் தண்டிக்காமல் அடுத்த துறைக் கூட்டத்தில் பேசுங்கள்.
- பழைய கருவியை ஏலம் விடும் முன், உள்ளே என்ன இருக்கிறது என்று விவரம் தெரிந்தவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

- ஹாஸ்டல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ மனிதரை இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சில் கொல்லும். காப்பாற்ற இறங்குபவரையும் கொல்லும். பாதுகாப்புக் கருவியில்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.
- அவசர வழிக் கதவைத் திருட்டுப் பயத்தில் பூட்டாதீர்கள். தாழ்வாரத்தில் உடைந்த நாற்காலியும் பழைய பீரோவும் அடுக்காதீர்கள்.
- தர மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்துக்கு மட்டும் தீயணைப்பானைத் துடைத்து மாட்டாதீர்கள்.
- ஆய்வு வேகத்துக்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். சாங்ஜி வழக்கில் பல்கலைக்கழகமும் பேராசிரியரும் குற்றவியல் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவந்தது.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளில் கேட்க வேண்டியவை

1. நான் தொடப்போகும் பொருள்களில் மிக ஆபத்தானது எது? அதை எனக்கு யார் செய்து காட்டுவார்?
2. என் மேல் அது பட்டால் முதல் ஒரு நிமிடத்தில் நான் செய்ய வேண்டியது என்ன?
3. கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா? கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள்?
4. இரவிலோ விடுமுறையிலோ வேலை செய்தால் என்னோடு யார் இருப்பார்?
5. என் மேசைக் கழிவை யார் எடுத்துப் போகிறார்? அவருக்குப் பயிற்சி கொடுத்தாயிற்றா?

ஐந்தாவது கேள்விக்கும் "ஆம்" என்ற பதில் வரும் லேப்தான் பாதுகாப்பான லேப். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் வேலையைத் தொடங்காதீர்கள். பதில் கிடைக்கும் வரை கேளுங்கள். கேட்பவரைத் தொந்தரவாக நினைக்காத துறையை உருவாக்குவது பேராசிரியர்களின் கடமை.